பாய்மரத்தைப் பிடித்திருப்பது யார்?

உத்திரமேரூரிலிருந்து வயல் பக்கம் போனால், மின்கம்பிகள் திசை திரும்பும் இடத்தில் உள்ள கம்பத்திலிருந்து சாய்வாக ஒரு கம்பி இறங்கித் தரைக்குள் போவதைப் பார்க்கலாம். லைன்மேன் அதை 'ஸ்டே' என்பார். (தள்ளி நின்றே பாருங்கள். மின்சாரம் கசிந்திருக்கலாம், தொடவே கூடாது.) அது இல்லாவிட்டால் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பாய்மரமும் இப்படித்தான் நிற்கிறது. பேர்தான் மரம். இப்போது பெரும்பாலும் அலுமினியக் குழாய். முன்னால், பின்னால், இரு பக்கமும் எஃகுக் கம்பிகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. மின்கம்பத்துக்கு ஸ்டேயைத் தள்ளிப் போய்ப் புதைக்க இடம் உண்டு. படகில் ஏது இடம்? அகலம் பத்தடி, மரமோ நாற்பதடி. மரத்தை ஒட்டி இறங்கும் கம்பி, பக்கவாட்டில் கொஞ்சம் இழுக்கவே மிகப் பெரிய விசையைத் தாங்க வேண்டும். அதனால் மரத்தின் நடுவில் குறுக்குக் கைகள் பொருத்திக் கம்பியை வெளியே தள்ளி வைக்கிறார்கள்.

படகு எட்டு விநாடிக்கு ஒருமுறை ஆடுவதாக வையுங்கள். ஒரு நாளில் 10,800 ஆட்டம்! ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பி இறுகித் தளர்கிறது. மெல்லிய கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் பட்டென்று ஒடியுமே, அதே 'உலோகச் சோர்வு'தான் இங்கும். 19 இழை முறுக்கிய கம்பியில் முதலில் ஓர் இழை அறும், அதுவும் பெரும்பாலும் முனைக் கொக்கிக்குள் கம்பி நுழையும் இடத்தில். தனியாகப் போகும் மாலுமி தினமும் அந்த இடத்தை உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான்.

பக்கவாட்டுக் கம்பியில் இழை அறுந்தது தெரிந்தால் முதலில் படகைத் திருப்பி, காற்று மறுபக்கத்திலிருந்து வீசும்படி செய்ய வேண்டும். உடனே அந்தக் கம்பி தளர்ந்துவிடும். அடுத்து, பாய் ஏற்றும் ஆஞ்சான் கயிறு ஒன்றைப் படகின் ஓரத்தில் இறுக்கிக் கட்டினால் அதுவே தற்காலிக ஸ்டே. பிறகு மரமேறி வேறு கம்பி மாட்ட வேண்டும். கீழே ஒரு சாண் ஆட்டம் உச்சியில் பல அடி. பிடித்துக்கொள்ள ஒரு கை, வேலைக்கு ஒரு கைதான் மிச்சம்.

மரமே ஒடிந்தால்? கேரளத்துக்காரரான, அப்போது கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமிக்கு அது நேர்ந்தது. எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' போட்டியில், 2018 செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடல் புயல் அவர் படகைக் கவிழ்த்தது. ஒடிந்த மரம் கம்பிகளில் தொங்கியபடி படகை இடிக்கும். அதனால் இதுவரை காப்பாற்றிய கம்பிகளையே வெட்டிவிட வேண்டும். டோமிக்கோ முதுகெலும்பில் அடி, எழவே முடியவில்லை. அதே புயலில் மரத்தை இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்குகின், தற்காலிகமாக ஒரு மரம் நட்டு டோமியை நோக்கி மெல்ல வந்தார். நம் பக்கத்து அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தின் பி-8ஐ ரக விமானம் படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் டோமியை மீட்டது.

2022இல் அதே போட்டிக்கு மறுபடியும் கிளம்பினார் டோமி! படகைத் தானாகச் செலுத்தும் காற்றுச் சுக்கான் பழுதானபோது, கழிவறைக் கதவை அறுத்துப் பலகையாக்கினார். 236 நாள் ஓட்டி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாம் இடம் பிடித்துக் கரை சேர்ந்தார். கிளம்பியவர்கள் 16 பேர். எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் மூன்றே பேர்.