ஆச்சி வாயை மூடின பிறகு சத்தம் வருது!

"ஏலே, இது எங்க அம்மையா, கட்டம் போட்ட துண்டா?"

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது 1989-ல் தச்சநல்லூரில் நடந்த அவருடைய கல்யாண வீடியோ. மறுவீட்டுப் பந்தியில் ஆச்சி நின்றுகொண்டு, "ஏய்யா, சொதியில உப்பு பத்தல!" என்று சமையல்காரரை அதட்டுகிற காட்சி. மொத்தம் ஒன்பதே விநாடி. ஆச்சியின் குரல் என்று எங்கள் குடும்பத்தில் மிச்சமிருப்பது அதுதான். அதில் ஆச்சி முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. போதாக்குறைக்கு, அவர் வாயை மூடின பிறகு 'உப்பு பத்தல' வருகிறது!

குற்றவாளி வேறு யாருமில்லை, அடியேன்தான்.

அசல் கேசட் இப்போது கிடையாது. ஆற்றங்கரைப் பக்கம் அத்தை வீட்டில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளத்தில் முங்கிப் போச்சு. நல்லவேளை, அதற்கு முன்பே ஒரு டிவிடியில் ஏற்றியிருந்தோம். டிவிடியைத் திறந்து பார்த்தால் ஒரே படம் அஞ்சு கோப்பாக இருக்கும். ஒரு கோப்பு 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது டிவிடி விதி. சும்மா இருந்தேனா? அஞ்சையும் ஒரு சாஃப்ட்வேரில் போட்டு ஒட்டி 'எக்ஸ்போர்ட்' அடித்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பத் துண்டு துண்டாக வெட்டினேன். அது தன் பங்குக்கு நசுக்கியது. துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் அத்தனையையும் ஒட்டி மறுபடி 'எக்ஸ்போர்ட்' அடித்தான். அதைத்தான் அப்பா பார்த்தார்.

'எக்ஸ்போர்ட்' என்றால் வெட்டுவதோ ஒட்டுவதோ மட்டும் அல்ல ஸார். படத்தை முழுசாகப் பிரித்து, மறுபடி சுருக்குவது. ஒவ்வொரு சுருக்கலிலும், கண்ணுக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் நினைக்கிற விவரங்களை அது தூக்கி எறிகிறது. இட்லியை உதிர்த்து உப்புமா செய்யலாம், உப்புமாவை மறுபடி இட்லி ஆக்க முடியாது. என்னைப் போல காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரே வார்த்தை: தேய்மானம். வருஷா வருஷம் எழுதித் தள்ளியது திரும்பி வராது.

சரி, சுருக்காமல் வெட்ட முடியாதா? முடியும், ஆனால் நினைத்த இடத்தில் முடியாது. நம்மூர் வீடியோவில் விநாடிக்கு 25 படம். இருபத்தஞ்சும் முழுப் படம் இல்லை. டிவிடியில் அதிகபட்சம் 15 படத்துக்கு ஒன்றுதான் முழுசு. மற்றதெல்லாம் 'பக்கத்துப் படத்தைப் பார், இந்த இடம் மட்டும் மாறியிருக்கு' என்கிற குறிப்புகள்தான். முழுப் படத்தை 'கீஃப்ரேம்' என்பார்கள். துண்டு அங்கே ஆரம்பித்தால் சேதமில்லை. நடுவில் வெட்டினால், தலைப்பு இல்லாத கடிதம் மாதிரி முதல் சில படங்கள் குழம்பும், இல்லை உறைந்து நிற்கும்.

சத்தத்தில் இன்னொரு வில்லங்கம். ஒரு படம் 40 மில்லி விநாடி. டிவிடியின் டால்பி சத்தமோ 32 மில்லி விநாடிப் பொட்டலங்களாக வரும். செல்போன் வீடியோவில் பெரும்பாலும் 21 சொச்சம். படமும் சத்தமும் ஒரே இடத்தில் முடிவது அபூர்வம். துண்டுக்கு 20 மில்லி விநாடி பிசகினால், 15 துண்டு ஒட்டும்போது 300. அதான் ஆச்சி வாயை மூடின பிறகு உப்பு!

அசல் டிவிடி பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். இந்தத் தடவை அஞ்சு கோப்பையும் வரிசை மாறாமல் 'காப்பி' கட்டளையாலேயே ஒட்டினேன். குடிக்கிற காப்பி இல்லை, நகலெடுக்கிற காப்பி. ஒரு புள்ளிகூட மாறாது. மற்ற வீடியோக்களுக்கு 'லாஸ்லெஸ்கட்' இருக்கிறது. ஃபேப்ரீஸ் பெல்லார்ட் 2000-ல் தொடங்கிய 'எஃப்எஃப்எம்பெக்'தான் அதன் என்ஜின். இரண்டும் இலவசம். கீஃப்ரேமில் வெட்டி, மறுபடி சுருக்காமல் அப்படியே கொடுக்கும். முடிந்தவரை யாரும் பேசாத இடமாகப் பார்த்து வெட்டுங்கள்.

ஒட்டும்போது எல்லாத் துண்டும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும் (இந்த ஒரு விஷயத்தில் மட்டும்!). படத்தின் அளவு, விநாடிக்கு எத்தனை படம், சத்தம் 48,000-ஆ 44,100-ஆ என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதை மட்டும், அதுவும் ஒரே தடவை, மாற்றினால் போதும்.

பென் டிரைவில் கொண்டுபோகத்தான் பிரிக்கிறீர்களா? பழைய எஃப்ஏடி32 டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. அதற்கு வீடியோவை வெட்டவே வேண்டாம். '7-ஜிப்'பில் துண்டாக்குங்கள். தனித்தனியாக ஓடாது, சேர்த்தால் அச்சு அசல் பழைய கோப்பு. வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் 2 ஜிபி வரை நசுங்காமல் போகும்.

புதுப் படத்தை நேற்று அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆச்சி முகத்தில் கட்டம் இல்லை. உதடும் குரலும் ஒன்றாக அசைந்தன. அந்த ஒன்பது விநாடியை அப்பா நாலு தடவை பின்னால் ஓட்டச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உப்பெல்லாம் சரியாத்தாம்ல இருந்துச்சு. அவளுக்குப் பேசாம இருக்க முடியாது."