நம் இரத்தத்தில் ஒரு நட்சத்திரம்

"பிரபஞ்சம் எப்படித் தோன்றியது? சூரியன், பூமியெல்லாம் எங்கிருந்து வந்தன?" என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலர் "டீச்சரிடம் கேள்" என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் வேறு. காத்தோங்கில் கூடியிருக்கும் நம் மன்றத்தில் இன்று அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டுப் பேசுவோம்.

முதலில் பிரபஞ்சம். ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையிலிருந்து அது விரியத் தொடங்கியது. இதைப் 'பெருவெடிப்பு' என்கிறோம். ஆனால் பட்டாசுபோல் ஓரிடத்தில் வெடித்ததல்ல, இடமே விரிந்தது.

இதற்கு என்ன சான்று? விண்மீன் கூட்டங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்வதை 1929ல் எட்வின் ஹபிள் காட்டினார். ஆதி வெப்பத்தின் மிச்சத்தை 1964ல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் இருவரும் வானொலி அலையாகப் பிடித்தனர். பழைய டிவியில் ஒளிபரப்பு இல்லாதபோது புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அதில் ஒரு சிறு பங்கு இந்த மிச்சம்தான்!

தொடக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்ற இரண்டு வாயுக்களே. அப்படியானால் இரும்பு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்திலேயே ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டிருந்தால் தன் பாரத்தைத் தானே தாங்காது என்பதே அந்தக் கணக்கிலிருந்து பின்னர் கிடைத்த விடை. 1935ல் லண்டன் அறிஞர் அவையில் புகழ்பெற்ற எடிங்டன் அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1983ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எல்லையை நெருங்கும் நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறும்போது இரும்பு ஏராளமாக உருவாகிறது என்பதை இன்று அறிவோம். மணலில் உள்ள சிலிக்கனும் ஆக்சிஜனும்கூட பெரிய நட்சத்திரங்களில் உருவானவையே.

இந்தச் சாம்பல் கலந்த வாயு மேகம் ஒன்று, சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் தன் ஈர்ப்பாலேயே சுருங்கியது. சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்று, தோசைபோல் தட்டையானது. 99 விழுக்காட்டுக்கு மேல் நடுவில் சேர்ந்து சூரியனானது. மீதமிருந்ததில், சூரியனுக்கு அருகே வெப்பம் தாங்கிய பாறையும் உலோகமும் திரண்டு பூமி போன்ற கோள்களாயின. குளிர்ந்த தொலைவில் பனிக்கட்டியும் வாயுவும் சேர்ந்து வியாழன் போன்ற பெருங்கோள்கள் உருவாயின. 1969ல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லின் துகள்களைச் சோதித்தபோது, யுரேனியம் ஈயமாக மாறிய அளவை வைத்து அவற்றின் வயது 456 கோடி ஆண்டுக்கு மேல் என்று கணக்கிட்டனர்.

காத்தோங் லக்சாவில் போடும் சிப்பிக்கும், நம் இரத்தத்துக்கும் சிவப்பு நிறம் தருவது இரும்பு கலந்த ஹீமோகுளோபின். அந்த இரும்பு சூரியனைவிட மூத்தது. அடுத்த முறை பிள்ளை கேட்டால், இதிலிருந்தே தொடங்குங்கள். தமிழிலேயே சொல்லுங்கள், புரியும்.