குட்டைக் கால், நீண்ட முதுகு: டாஷண்ட் நாய் வளர்ப்போர் கவனத்துக்கு

நீண்ட உடம்பு. சாண் உயரக் கால். கன்னத்தை ஒட்டித் தொங்கும் காது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மாலை வேளையில் இந்த நாயை அழைத்துக்கொண்டு போனால், பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்காமல் போவதில்லை. 'சாசேஜ் நாய்' என்று ஆங்கிலேயர் இதற்குக் கேலிப் பெயரே வைத்துவிட்டனர்.

மும்பை ஃபிளாட்டுகளுக்கு ஏற்ற சின்ன நாய் என்று சொல்லித்தான் டாஷண்ட் குட்டிகளை விற்கிறார்கள். சின்ன நாய் என்பது உண்மை. மடியில் சுருண்டு கிடக்கும் சாதுவான நாய் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இதன் முதுகைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வாங்குகிறவர்களுக்கோ ஏமாற்றத்தோடு போகாது. துன்பமும் வந்து சேரும்.

வளைக்குள் நுழையும் வேட்டைக்காரன்

டாஷண்ட் ஜெர்மனியின் நாய். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர் என்ற விலங்கு; 'ஹுண்ட்' என்றால் நாய். பேட்ஜர், மண்ணுக்கு அடியில் நீண்ட வளை தோண்டி வாழ்வது. கூரிய நகமும் பலமான தாடையும் உடையது. அதன் வளைக்குள் தன்னந்தனியாகப் புகுந்து, இருட்டில் அதை எதிர்த்து நிற்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் இது.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் டாஷண்டின் குணம் முழுவதும் விளங்கிவிடும். வளைக்குள் எஜமானன் வர முடியாது. என்ன செய்வது என்பதை நாயே முடிவு செய்தாக வேண்டும். ஆகவேதான் இதற்கு இவ்வளவு பிடிவாதம். மண்ணுக்கு மேலே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி குரைக்க வேண்டும். ஆகவேதான் இந்தச் சிறு உடம்பில் அவ்வளவு பெரிய குரல்!

விக்டோரியா மகாராணி இந்த நாயைச் செல்லமாக வளர்த்தார். முதல் உலகப் போர் மூண்டபோது, 'ஜெர்மன் நாய்' என்ற ஒரே குற்றத்துக்காக இங்கிலாந்தில் இதன் மீது வெறுப்பு கிளம்பியது. பிறகு 1972 மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்கு 'வால்டி' என்ற டாஷண்ட்தான் சின்னம். ஒலிம்பிக் கோடைப் போட்டிகளின் முதல் அதிகாரபூர்வச் சின்னம் அதுவே.

வழவழப்பான முடி, நீண்ட முடி, கம்பி போன்ற சொரசொரப்பு முடி என்று மூன்று வகை உண்டு. பெரிய ரகம் 7 முதல் 14 கிலோ வரை இருக்கும். மினியேச்சர் ரகம் சுமார் 5 கிலோ. மும்பைப் புழுக்கத்துக்கு வழவழப்பு முடியே வசதி. நல்ல பராமரிப்பு இருந்தால் 12 முதல் 16 ஆண்டு வரை வாழும்.

வீட்டில் எப்படி?

வீட்டில் ஒருவரிடம் உயிராக ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களிடம் பிரியம் உண்டு என்றாலும், அந்த ஒருவர் வெளியே போனால் கதவடியிலேயே படுத்துக் கிடக்கும். போர்வைக்குள் நுழைந்து தூங்குவதும், மெத்தையைக் கால்களால் பறிப்பதும் வளை தோண்டிய பழக்கத்தின் மிச்சம். அடித்தால் திருந்தும் என்று எண்ண வேண்டாம், முரண்டு அதிகமாகும். ஒரு துண்டு பிஸ்கட்டும் ஒரு நல்ல வார்த்தையும் செய்யும் வேலையைப் பிரம்பு செய்யாது.

முன்பின் தெரியாதவர்களை இதற்குப் பிடிக்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அந்நியரிடமும் மற்ற நாய்களிடமும் சீறும் இனங்களின் வரிசையில் டாஷண்ட் முன்னணியில் நின்றது. பால்காரர், பேப்பர் போடும் பையன், பக்கத்து வீட்டு மாமி எல்லோரையும் குட்டிப் பருவத்திலேயே பழக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு காலிங் பெல்லுக்கும் மாடி முழுவதும் அதிரும்.

குரைப்பைக் காட்டி, நாய் வளர்க்கவே கூடாது என்று சில ஹவுசிங் சொசைட்டிகள் தீர்மானம் போடுவது உண்டு. அப்படித் தடை விதிக்கக் கூடாது, லிப்டில் ஏற்றவும் மறுக்கக் கூடாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. டாஷண்டுக்கு லிப்ட் ஆடம்பரம் அல்ல என்பது அடுத்து வரும் செய்தியில் தெரியும்.

முதுகில்தான் ஆபத்து

முதுகெலும்புக் கண்ணிகளின் நடுவே மெத்தை போல டிஸ்க் இருக்கிறது. மற்ற நாய்களுக்கு வயதான பிறகு உலரும் இந்த டிஸ்க், டாஷண்டுக்கு இளமையிலேயே உலர்ந்து, சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடுகிறது. குட்டைக் காலுக்குக் காரணமான ஜீன் மாற்றத்தை 2009-லும், டிஸ்க் கெடுவதற்குக் காரணமான, அதே வகையைச் சேர்ந்த மாற்றத்தை 2017-லும் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அழகு என்று நாம் பார்ப்பதும் நோய் என்று அஞ்சுவதும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து வருகின்றன. டாஷண்டுகளில் நாலைந்துக்கு ஒன்று வாழ்நாளில் இந்தத் தொல்லையைச் சந்திக்கிறது. பெரும்பாலும் 3 வயதிலிருந்து 7 வயதுக்குள்.

முதல் அறிகுறிகள் சின்னவை. வழக்கமாகத் தாவி ஏறும் நாய் சோபா முன்னால் தயங்கி நிற்கும். முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கும். தூக்கினால் கத்தும். அஜீரணம் என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம் அல்ல இது. பின்னங்கால் தள்ளாடினாலோ, பாதம் மடங்கி இழுபட்டாலோ அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். நடக்க விடாமல், பலகையின் மீதோ பெரிய டிரேயிலோ படுக்க வைத்துத் தூக்க வேண்டும். நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஐப்யூபுரோஃபென், பாரசிட்டமால் இரண்டும் நாய்க்கு விஷமாகக் கூடியவை.

இரு பின்னங்காலும் விழுந்துவிட்டால், 'இனி என்ன, ஊசி போட்டுவிடுங்கள்' என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அவசரம் வேண்டாம். டாக்டர் கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். அந்த வலியை நாய் உணர்ந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒன்பது நாய்கள் வரை மீண்டும் நடக்கின்றன. வலி உணர்வே போய்விட்ட நாய்களிலும் ஏறக்குறைய பாதி பிழைத்து நடக்கின்றன. அங்கேதான் தாமதம் பெரும் கேடு. லேசான நிலையில் ஆபரேஷன் இல்லாமல், மருந்தும் ஒரு மாதக் கூண்டு ஓய்வுமே போதும். மும்பைவாசிகளுக்குப் பரேலில் 1886-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதே வளாகத்தில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையும் இருக்கின்றன.

வராமல் காப்பது

முதல் காவல் எடை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். தோசை ஓரம், நெய் சாதம், முறுக்கு என்று ஆளுக்கு ஒரு வாய் போட்டே பல வீடுகளில் நாயைக் கெடுத்துவிடுகிறார்கள். பாட்டிமார் இதில் முதலிடம்! வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் அறவே கூடாது.

அதற்காகப் பொம்மை மாதிரி உட்கார்த்தி வைப்பதும் தப்பு. தினமும் இரு வேளை நடந்தால்தான் முதுகுத் தசை பலமாகும். கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது. கட்டிலிலிருந்து குதிப்பதைத் தடுக்கச் சாய்பலகை வைக்கலாம். வழுக்கும் மொசைக் தரையில் ஒரு பாய் விரித்தால் போதும். மழைக்காலத்தில் வெளியே வர மறுக்கும். வயிறு தரையில் உரசும் பிராணி, சேற்றை வெறுப்பதில் வியப்பென்ன? திரும்பியதும் வயிற்றைத் துடைத்து, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது ஒன்றுதான். முன்னங்காலைப் பிடித்து அந்தரத்தில் தூக்கக் கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில், முதுகு நேராக.

குட்டி வாங்குகிறவர்கள் தாய் தந்தை நாய்களின் முதுகு எப்படி என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்க, 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள் தடை செய்கின்றன.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறையில் நாயை என்ன செய்வது? ஏ.சி. முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுவதும் தனக்கென எடுத்தால் உடன் அழைத்துச் செல்லலாம். ஏ.சி. இரண்டாம், மூன்றாம் அடுக்கிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. மற்றபடி கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டுதான். கார்டுக்கு 2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர். கூண்டு பழைய கூண்டுதான். பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசிச் சான்றும், டாக்டரின் உடல்தகுதிச் சான்றும் கையில் இருக்க வேண்டும். கூண்டின் தரை கெட்டி. பழைய மெத்தை ஒன்றை மடித்துப் போட்டு அனுப்புவது நல்லது. சென்னை வண்டி என்றால் புனே, சோலாப்பூர், குண்டக்கல் ஸ்டேஷன்களில் உரியவரே இறங்கிப் போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வர வேண்டும்.