வெந்நீரில் வாழும் கிருமி!

கொதிக்கும் உலையில் முட்டையைப் போட்டால் அவிந்து விடும். பூச்சி விழுந்தால் செத்து விடும். ஆனால், கை வைக்க முடியாத வெந்நீரில் ஒரு கிருமி சுகமாக வாழ்கிறது!

அந்தக் கிருமியால் மனிதனுக்குக் கிடைத்த நன்மை கொஞ்சம் அல்ல.

ஆவி பறக்கும் ஊற்று

அமெரிக்காவில் "எல்லோஸ்டோன்" என்ற பெரிய வனப் பூங்கா இருக்கிறது. அங்கே பூமிக்குள் இருந்து வெந்நீர் ஊற்றுகள் பொங்குகின்றன.

தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானி 1964-ம் ஆண்டில் அங்கே போனார். ஆவி பறக்கும் நீரில் உயிர்கள் வளர்வதைக் கண்டார். வியப்பு அடைந்தார்!

1966-ம் ஆண்டில் அவரும், அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீசும் ஊற்று நீரில் இருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார்கள். 70 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அது நன்றாக வளர்ந்தது. "தெர்மஸ் அக்வாட்டிகஸ்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதனால் என்ன பயன்? அப்போது யாருக்கும் தெரியாது. எவ்வளவு சூட்டில் உயிர் வாழ முடியும் என்று அறியவே பிராக் ஆராய்ந்தார்.

ஒன்று கோடியானது

எல்லா உயிர்களின் உடலிலும் "டி.என்.ஏ." என்ற பொருள் இருக்கிறது. அது முறுக்கிய இரட்டை நூல் போன்றது. தாய் தந்தையின் சாயல் பிள்ளைக்கு வருவது இதனால்தான். நோய்க் கிருமியையும் இதை வைத்து அடையாளம் காணலாம்.

ஆனால், ஒரு துளி ரத்தத்தில் கிடைப்பது மிகக் கொஞ்சம். அதைப் பெருக்க வேண்டுமே!

1983-ம் ஆண்டில் காரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் அதற்கு வழி கண்டார். டி.என்.ஏ.யைச் சூடாக்கினால் இரட்டை நூல் பிரியும். சூட்டைக் குறைத்தால், "நொதி" என்னும் ரசாயனப் பொருள் ஒவ்வொரு நூலுக்கும் ஜோடி நூலைச் செய்து விடும். ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும். இப்படி 30 முறை செய்தால், 100 கோடிக்கு மேல் ஆகிவிடும்!

இதில் ஒரு தொல்லை இருந்தது. நூல் பிரிய சுமார் 95 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் நொதி கெட்டுப் போயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்ற வேண்டி இருந்தது.

அப்போது கை கொடுத்தது, வெந்நீர்க் கிருமி! அதன் நொதியை 1976-ம் ஆண்டிலேயே பிரித்து எடுத்திருந்தார்கள். அது சூட்டுக்கு அசையவில்லை. ஒரு முறை ஊற்றினால் போதும். மீதி வேலையை எந்திரமே செய்தது. 1993-ம் ஆண்டில் முல்லிஸ் நோபல் பரிசு பெற்றார்.

கொரோனா சோதனை

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியது. மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தது நினைவு இருக்கும். கொரோனா கிருமியிடம் இருப்பது "ஆர்.என்.ஏ." என்ற ஒற்றை நூல். முதலில் வேறு ஒரு நொதி அதை டி.என்.ஏ. ஆக்கும். பிறகு, சூடு தாங்கும் நொதி அதைப் பெருக்கிக் காட்டும்.

கொலை நடந்த இடத்தில் ஒரு துளி ரத்தம் கிடைத்தாலும், இந்த முறையில் ஆளை அறியலாம். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் வாடியவர்கள் பலர், இதனால் விடுதலை ஆனார்கள்.

முல்லிசின் முறை, 1991-ம் ஆண்டில் 30 கோடி டாலருக்கு விலை போயிற்று. கிருமியைக் கண்டுபிடித்த பிராக்குக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. அதற்காக அவர் வருந்தவும் இல்லை. 2021-ம் ஆண்டில், தமது 94-வது வயதில் அவர் காலமானார்.