சிங்க் வாங்கப் போகுமுன் சஹனை அளந்து பாருங்கள்!

 

வீடு திருத்தும் வேலை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஹாலுக்கு எந்த டைல்ஸ், முன்கதவுக்கு எந்த மரம், கேட்டுக்கு எந்த நிறம் என்று வாப்பாவும் காக்காமாரும் இரவிரவாகப் பேசுவார்கள். குசினி கடைசியில்தான் வரும். அதிலும் சிங்க் எல்லாவற்றுக்கும் கடைசி. "சிங்க் வந்தாத்தான் மேல்கல் வைக்கலாம்" என்று மேசன் பாஸ் சொல்லும் அன்று, யாராவது ஒருவர் அவசரமாக ஹாட்வெயாருக்குப் போவார். பளபளப்பாக எது கண்ணில் பட்டதோ அதை வாங்கி வருவார். அதன் முன்னால் இனி இருபது வருடம் நிற்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் என்னைக் கேட்டார்கள். இருந்தும் நான் ஏமாந்தேன். இரண்டு தொட்டி வைத்த சிங்க்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்தது, பொருத்தியும் ஆயிற்று. முதல் விருந்து முடிந்து சஹன்களைக் கழுவக் கொண்டுபோனால், இரண்டு தொட்டியில் ஒன்றிலும் சஹன் இறங்கவில்லை! ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் தட்டு அந்தக் குறுகிய தொட்டிக்குள் எப்படி இறங்கும்? இத்தனை செலவு செய்தபிறகும் விருந்து நாட்களில் நான் கிணற்றடியில் குந்தியிருந்துதான் சஹன் கழுவுகிறேன். பிழை கடைக்காரருடையது அல்ல, அளக்காமல் போன என்னுடையது. அந்த அனுபவம்தான் இதை எழுத வைத்தது.

ஆற்றங்கரையை விட்டு வந்த குசினிகள்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையேறி, பிட்டவல பத்தனையையும் இலுக்கும்புரவையும் தாண்டி இறங்கினால் லக்கல பிரதேசம். நக்கிள்ஸ் மலையின் நீரெல்லாம் ஓடைகளாக இறங்கும் பூமி அது. அங்கே ஓடும் களுகங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது. (களுத்துறையில் கடலில் விழும் களுகங்கை வேறு.) மொரகஹகந்த – களுகங்கைத் திட்டத்தின்கீழ் இந்த ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டு, 2018இல் நீர் நிரப்பப்பட்டது. பழைய பல்லேகம பட்டினம் நீருக்குள் போயிற்று. லக்கலவுக்குப் புதிய நகரம் வேறு இடத்தில் எழுந்தது. அந்தப் பகுதிக் குடும்பங்கள் இடம்பெயர்ந்து புதிய காணிகளில் புதிய வீடுகள் கட்டிக்கொண்டன.

ஒரு பிரதேசமே சேர்ந்து புதுக் குசினி கட்டிய கதை இது. நம் பாடமும் இதில் இருக்கிறது. ஆற்றிலோ ஓடையிலோ பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தொட்டியின் அளவைப் பற்றிக் கவலை இல்லை. எத்தனை பெரிய சட்டியும் ஆற்றுக்குள் கொள்ளும். தண்ணீர் தானாக வரும், அழுக்கோடு தானாகப் போகும். கழுவும் இடம் வீட்டுக்குள் வந்துவிட்டாலோ, ஆறு செய்த வேலையை எல்லாம் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். எவ்வளவு பெரிய பாத்திரம்? கழுவுகிறவள் எப்படி நிற்பாள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? இந்த நான்கு கேள்விக்கும் விடை தெரிந்தபிறகு கடைக்குப் போங்கள். பளபளப்பு ஐந்தாவது.

பாத்திரத்தை அளவுங்கள்

அளவுநாடாவை எடுத்து உங்கள் சஹன், பெரிய சோற்றுப் பானை, நோன்புக் கஞ்சிச் சட்டி மூன்றையும் அளந்து ஒரு துண்டில் எழுதுங்கள். சிங்க்கின் வெளி அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். தொட்டியின் உள் அளவுதான் முக்கியம். குசினி மேடையில் 33 அங்குல இடத்துக்குமேல் தாராளமாக இருந்தால் இரட்டைத் தொட்டியை யோசிக்கலாம். அதிலும் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருப்பது நல்லது. இடம் குறைவென்றால் ஒரே பெரிய தொட்டியும், பக்கத்தில் நீர் வடியும் தட்டும் உள்ளதே மேல். லக்கல மலைப்பக்கம் போல மழைக்காலத்தில் வெயிலைக் காணாத இடங்களில், கழுவிய பாத்திரத்தை முற்றத்தில் காயவைக்க முடியாது. வடிதட்டின் அருமை அப்போது தெரியும்.

வசதி குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். உள்ளே சிறிய சிங்க் ஒன்றை வைத்து, பின்வாசலில் கூரைத் தாழ்வாரத்தின்கீழ் சீமெந்துத் தொட்டி ஒன்றை இடுப்பளவு உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். உள்ளே டைல்ஸ் ஒட்டினால் எளிதில் பாசி பிடிக்காது. உங்கள் சஹனின் அளவுக்கே பாஸ் கட்டித் தருவார். என் வீட்டிலும் அடுத்த வேலை இதுதான், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் முழங்கையை அளவுங்கள்

செருப்புடன் நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். நிலத்திலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம்? அதில் நான்கு அங்குலம் குறைத்தால் வருவதே உங்களுக்கு ஏற்ற மேடை உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இது சுமார் 33, 34 அங்குலம் வரும். பாஸ் தன் வழக்கப்படி ஓர் உயரத்தைச் சொல்வார். நீங்கள் உங்கள் உயரத்தைச் சொல்லுங்கள்.

தொட்டியின் ஆழத்தையும் மறக்க வேண்டாம். நாம் கை வைத்துக் கழுவுவது மேடையில் அல்ல, தொட்டியின் அடியில். பத்து அங்குல ஆழமுள்ள தொட்டி கண்ணுக்கு அழகு, முதுகுக்கு வேதனை. நாளுக்கு இரண்டு மணி நேரம் குனிந்து நின்று இடுப்புவலிக்கு எண்ணெய் தேய்ப்பதைவிட, ஏழெட்டு அங்குல ஆழத்தில் ஒன்றை வாங்குவது புத்தி.

உருக்கில் வித்தியாசம் உண்டு

துருப்பிடிக்காத உருக்கு எல்லாம் ஒன்றல்ல. 304 என்ற தரத்தில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் அளவில் இருக்கும். குசினிக்கு இதுவே ஏற்றது. 201, 202 தரங்களில் நிக்கல் குறைவு. மலிவு, ஆனால் உப்பும் புளியும் பட்டுப் புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் அசல் என்று சிலர் சொல்வார்கள். காந்தம் நன்றாக ஒட்டினால் அது 304 அல்ல என்பது சரி. ஒட்டாவிட்டால் அது 304தான் என்று சொல்ல முடியாது. 201, 202இலும் காந்தம் ஒட்டாது. தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தடிப்பைக் 'கேஜ்' எண்ணால் சொல்வார்கள். இதில் எண் குறையக் குறையத் தடிப்புக் கூடும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீற்றர், 22 கேஜ் சுமார் 0.8தான். மெல்லிய தகடு பெருவிரலால் அழுத்தினாலே உள்வாங்கும், தண்ணீர் விழுந்தால் தகரக்கூரையில் மழை பெய்வதுபோல் சத்தமிடும். ஸஹர் நேரத்தில் பாத்திரம் கழுவும்போது தூங்கும் பிள்ளை எழும்புவதும் எழும்பாததும் இதில் இருக்கிறது! அடியில் ரப்பர் பட்டை ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பின்னும் கவனம் வேண்டும். கொறக்காய், புளி, உப்பு ஊறிய சட்டியை இரவு முழுவதும் சிங்க்கில் விடாதீர்கள். வெளுக்கும் குளோரின் திரவத்தை ஊற்றி வைக்காதீர்கள். இரும்புக் கம்பிச் சுருளால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டித் துரு தெரியும். நாரும் சவர்க்காரமும் போதும்.

தண்ணீர் வரும் வழி

மலையோடையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீரும், கூரைமேல் தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீரும் உயரத்தின் பலத்தால் மட்டுமே ஓடுகின்றன. பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அமுக்கம் என்பது கணக்கு. உங்கள் தாங்கி பைப்புக்கு மேல் மூன்று மீற்றரில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. இழுத்து நீட்டும் தலையுடைய வெளிநாட்டு பைப்புகளில் பல இதைவிடக் கூடிய அமுக்கத்துக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டில் அவை நூலாகச் சொட்டும். சாதாரண, கழுத்து உயர்ந்த, பக்கத்துக்குத் திரும்பும் பைப்பே பெரிய பானைக்கும் வசதி.

வந்த தண்ணீரை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதும் அமானிதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் வுளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு அது. ஓடும் ஆற்றங்கரையில் நின்றாலும் நீரை விரயம் செய்யலாகாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பும் உண்டு. ஒரு கோப்பை கழுவப் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு அடுத்த வீட்டாருடன் கதைக்கும் நாம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டாமா?

சுத்தமும் தூய்மையும்

அடைப்பை வைத்துத் தொட்டியை நிரப்பி, அதிலேயே எல்லாவற்றையும் முக்கிக் கழுவும் பழக்கம் மேல்நாட்டுப் படங்களில் வரும். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத்துக்குக் குறைந்த தேங்கிய நீரில் நஜீஸ் விழுந்தால், நிறமோ மணமோ மாறாவிட்டாலும் அந்த நீர் நஜீஸாகிவிடும். இரண்டு குல்லத் என்பது ஏறக்குறைய 200 லீட்டர். எந்தக் குசினிச் சிங்க்கும் அவ்வளவு கொள்ளாது. வீட்டில் கோழி அறுத்து இரத்தம் பட்ட பாத்திரத்தை, நிரம்பிய தொட்டியில் மற்றவற்றோடு முக்காமல் தனியே வைத்து, மேலிருந்து நீர் ஊற்றிக் கழுவுங்கள். சந்தேகம் வந்தால் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

சுகாதாரத்துக்கும் இது நல்லது. பச்சைக் கோழியைப் பைப்பின்கீழ் பிடித்துக் கழுவும்போது தெறிக்கும் துளிகளோடு கிருமிகளும் பக்கத்திலுள்ள சலாதுக்கும் கோப்பைகளுக்கும் போய்ச் சேரும். கழுவியே ஆகவேண்டும் என்றால் ஆழமான சட்டியில், தெறிக்காமல் கழுவி, பிறகு சிங்க்கைச் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள்.

தண்ணீர் போகும் வழி

சிங்க்கின் கீழே குழாய் வளைந்து, எப்போதும் சிறிது நீர் நிற்கும்படி இருக்க வேண்டும். அந்த நீர்தான் கானின் நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வராமல் தடுக்கும் கதவு. வெறும் நேர்க்குழாய் போட்டு முடிக்க விடாதீர்கள்.

தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகையில் உறையத் தொடங்கும். ரிவர்ஸ்டன் பக்கத்துக் குளிரில் இரவில் போத்தலிலேயே உறையும் எண்ணெய், குழாய்க்குள் உறையாதா? மாட்டுக்கொழுப்போ அதைவிட இறுகும். சட்டியைக் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சிங்க் வாயில் சல்லடைக் கிண்ணம் கட்டாயம் வேண்டும். சோற்றுப் பருக்கை கானுக்குள் போவதை நம் உம்மாமார் பொறுக்கமாட்டார்கள். சல்லடையில் சேர்ந்ததைக் கோழிக்குப் போட்டால் ரிஸ்க்குக்கும் மரியாதை, குழாய்க்கும் சுகம்.

வெளியே கொழுப்புப் பிடிக்கும் சிறு தொட்டி ஒன்று, அதற்கப்பால் கல் நிரப்பிய உறிஞ்சுகுழி. கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல், மேட்டில் இல்லாமல் பள்ளப்பக்கமாகத் தோண்டச் சொல்லுங்கள். நம் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டாரின் கிணறும் கணக்கில் உண்டு. அது அயலவரின் ஹக். களுகங்கையின் நீர் அம்பன் கங்கையோடு சேர்ந்து பராக்கிரம சமுத்திரத்துக்கும் பொலன்னறுவை வயல்களுக்கும் போகிறது. லக்கலயில் ஒருத்தி கானில் ஊற்றும் கழிவெண்ணெய், முகம் தெரியாத இன்னொருத்தியின் தண்ணீரில் கலக்கலாம். நம் ஒவ்வொரு குசினிக்கும் கீழே இப்படி ஓர் ஊர் இருக்கிறது.

கடைசியாக ஒன்று

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டு ஆண்களிடமும் வாசிக்கக் கொடுங்கள். சிங்க் வாங்கும் நாளில் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். அளவெழுதிய துண்டோடு நீங்களும் போங்கள். கடையில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சஹனையே கையில் கொண்டுபோனாலும் தப்பில்லை!

நம் குசினிகளிலும், அங்கே நின்று உழைக்கும் கரங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.