நகல் இருக்கிறது, நேரம் இருக்கிறதா?

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். தெம்பனிஸ் முதல் தேக்கா வரை டிபிஎஸ், சிட்டி வங்கி வாடிக்கையாளர்கள் பலரால் கைபேசி மூலம் பணம் செலுத்தவோ ஏடிஎம் இயந்திரத்தில் பணம் எடுக்கவோ முடியவில்லை. இரு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்குனிக்ஸ் தரவு மையத்தில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தியபோது, தவறான ஒரு சமிக்ஞையால் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பம் ஏறியது, சேவைகள் முடங்கின. சுமார் 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை.

இரு வங்கிகளும் பேரிடர் மீட்புத் திட்டத்தை உடனே முடுக்கிவிட்டன. ஆனால் டிபிஎஸ்ஸில் வலையமைப்பின் அமைவுப் பிழையும் சிட்டியில் இணைப்புக் கோளாறும் குறுக்கே நின்றன. முழுமையாக மீள மறுநாள் ஆயிற்று. முக்கிய வங்கி அமைப்புகள் 4 மணி நேரத்துக்குள் மீள வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி.

மீட்பை அளக்க இரு கேள்விகள் உண்டு. எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும்? இது மீட்பு நேர இலக்கு. எந்தக் கணம் வரையிலான தரவு திரும்ப வேண்டும்? இது மீட்புப் புள்ளி இலக்கு. இரவில் மட்டும் நகல் எடுக்கும் நிறுவனம், மாலையில் விபத்து நேர்ந்தால் அன்றைய பகல் முழுவதையும் இழக்கும்.

வேகம் ஏன் சிக்கல் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 10 டெராபைட் தரவை வினாடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் அனுப்ப, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும். 10 கிகாபிட் இணைப்பென்றால் 2 மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். அன்றாடம் மாறுவது 2 விழுக்காடு என்றால், மாறியதை மட்டும் அனுப்ப 1 கிகாபிட் இணைப்பிலேயே அரை மணி நேரம் போதும். ஆகவே முதல் வழி, மாறியதை மட்டும் நகலெடுப்பது.

இரண்டாவது வழி, இரு மையங்களில் ஒரே நேரத்தில் எழுதுவது. கண்ணாடி இழையில் ஒளி மில்லிவினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் செல்லும். தெம்பனிஸிலிருந்து ஜூரோங் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்; போய்வரக் கால் மில்லிவினாடி. நம் தீவின் சிறுமை இங்கே ஒரு வரம்! ஆனால் தவறான அழிப்பும் பிணைத்தீம்பொருளும் அதே வேகத்தில் இரண்டாம் மையத்தையும் அடையும். எனவே, யாராலும் திருத்த முடியாத பழைய நகல் ஒன்று தனியே இருந்தாக வேண்டும்.

மூன்றாவது வழி, எந்தச் சர்வர் முதலில் எழ வேண்டும் என்று முன்பே வரிசைப்படுத்துவது. பயனர் அடையாளத்தைச் சரிபார்க்கும் சர்வர் எழாமல் கணக்குச் சர்வர் மட்டும் எழுந்து பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒத்திகை. 2023இன் சிக்கல் நகல் இல்லாததால் வந்ததன்று. மாற்றுப் பாதை தேவைப்பட்ட நேரத்தில் திறக்காததால் வந்தது. அவ்வாண்டு தொடர்ந்து நேர்ந்த தடைகளுக்காக, நவம்பரில் டிபிஎஸ்ஸின் அவசியமற்ற தொழில்நுட்ப மாற்றங்களை நாணய ஆணையம் 6 மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது.

நாளை இத்தகைய அமைப்புகளைப் பொறுப்பேற்கப் போகும் நண்பர்களே, 'நகல் எடுத்தாயிற்றா?' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'அதைக் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம்? எத்தனை மணி நேரம் ஆயிற்று?' என்றும் கேளுங்கள்.