வாந்தியா, எதுக்களிப்பா?

உங்கள் வீட்டு நாய் தின்றதை அடிக்கடி வெளியே தள்ளுகிறதா? மருந்து தேடுமுன் அது எப்படி வெளிவருகிறது என்று கவனியுங்கள்.

எச்சில் ஒழுக, குமட்டி, வயிறு குலுங்கி வந்தால் அது வாந்தி. வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையை அழுத்துவதால் நிகழ்வது இது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், உணவு ஒவ்வாமையா, குடல் அழற்சியா, சிறுநீரகக் கோளாறா என்று இரத்தச் சோதனை, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு ஆகியவற்றால் மருத்துவர் ஆராய்வார்.

எந்த முயற்சியுமின்றி, செரிக்காத உணவு வாய்வழியே வழிந்தால் அது எதுக்களிப்பு. கோளாறு உணவுக் குழலில் இருக்கிறது. நாலுகால் பிராணிகளுக்கு இக்குழல் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் அமைந்துள்ளது. தசைகளின் அலையசைவே உணவை நகர்த்தவேண்டும். குழல் தளர்ந்து விரிந்துவிட்டால் உணவு அங்கேயே தேங்கும். வாந்தியை நிறுத்தும் மருந்து இதற்குப் பயன்படாது. நாயை நிமிர்ந்த நிலையில் வைத்து ஊட்டி, 15 முதல் 30 நிமிடம் அப்படியே இருக்கச் செய்தால், புவியீர்ப்பு விசை உணவை இரைப்பையில் சேர்க்க உதவும். கவனிக்காமல் விட்டால் உணவு நுரையீரலில் புகுந்து நிமோனியா உண்டாகலாம், உயிருக்கே ஆபத்து.

உண்டபின் எவ்வளவு நேரத்தில் வந்தது? வயிறு குலுங்கியதா? வந்தது செரித்ததா, செரிக்காததா? இம்மூன்றையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நோயறிவதில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.